வெயிலைத் தேடினால் இகுவானா கிடைக்கும்

தொலைத்தவர்கள் பெரும்பாலும் விளக்கு வைத்த பிறகுதான் அழைப்பார்கள். பகலெல்லாம் அவர்களே தேடியிருப்பார்கள். மொட்டை மாடி, கார் நிறுத்துமிடம், பக்கத்து வீட்டுத் தொட்டிச் செடி என்று எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, காவலாளியோடு சண்டை போட்டு, தொண்டை கட்டிப்போன பிறகு யாரோ என் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். பேச்சு எப்போதும் அதன் குணத்தில்தான் தொடங்கும். "ரொம்ப சாது சார். மடியிலேயே தூங்கும். பேர் சொன்னா திரும்பிப் பார்க்கும்." நான் கேட்பது வேறு. எத்தனை மணிக்குப் போனது? அப்போது வெயில் எந்தப் பக்கம் அடித்தது? பக்கத்தில் பெரிய மரம் எது?

தென்சென்னையில் பறவைகளுக்கும் ஊர்வனவற்றுக்கும் வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன் நான். கூண்டு கழுவுவது, எடை போடுவது, டாக்டர் ஊசி போடும்போது வாலையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது, இவ்வளவுதான் வேலை. தொலைந்ததைத் தேடிக் கொடுப்பது அதோடு வந்து ஒட்டிக்கொண்டது. கிளி தொலைந்தால் தேட ஆள் கிடைப்பார்கள். நாய் தொலைந்தால் தெருவே தேடும். இகுவானா தொலைந்தால் தெரு கதவைச் சாத்திக்கொள்ளும்.

சென்னையில் வீட்டில் வளர்க்கப்படும் பல்லி இனங்களில் அதிகம் தொலைவது பச்சை இகுவானாதான். நடு, தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்தது. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும் பச்சைக் குட்டி. சில வருடங்களில் வாலோடு சேர்த்து நாலடி, ஐந்தடி. முழுக்க முழுக்கத் தழையும் பூவும் தின்று வளர்வது. இதைத் தொலைப்பவர்கள் கவனமில்லாதவர்கள் என்று ஊர் நினைக்கிறது. என் அனுபவம் நேர்மாறு. அக்கறையாக வளர்ப்பவர்கள்தான் தொலைக்கிறார்கள். காரணம், வெயில். சூரிய ஒளியிலுள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் இதன் உடம்பில் வைட்டமின் டி3 ஊறும், தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் போய்ச் சேரும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை வடிகட்டிவிடும். கண்ணாடிக்குப் பின்னாலேயே வளர்ந்த இகுவானாவின் தாடையை விரலால் அழுத்தினால் ரப்பராக வளையும், கால் எலும்பு தானாக ஒடியும். ஆகவே டாக்டர், "காலையில் கொஞ்ச நேரம் வெயில் காட்டுங்கள்" என்பார். அக்கறை உள்ளவர் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார். அக்கறை இல்லாதவரின் இகுவானா தொலையாது. கூண்டுக்குள்ளேயே கூன் விழுந்து சாகும்.

மாடியில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிட்டால் பாதித் தேடல் முடிந்தது. ஏசி ஓடும் கூடத்தில் இருபத்தாறு டிகிரியில் கிடக்கும் இகுவானாவுக்கு ஓடும் தெம்பு குறைவு. அது மடியில் படுப்பது உங்கள் மடி சூடாக இருப்பதால். வெயிலில் வைத்துக் கொஞ்ச நேரத்தில் உடம்பு முப்பத்தைந்துக்கு ஏறும். இப்போது அதற்குக் கண் கூர்மை, கால் வேகம், பயம் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். அந்த நேரம் பார்த்து மேலே ஒரு காகமோ பருந்தோ கடக்கும். இகுவானாவின் உச்சந்தலையில் செதில் அளவுக்கு மூன்றாவது கண் ஒன்று உண்டு. உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். நிழல் விழுந்ததும் பாயும். சொந்தக்காரர் அதுவரை அறிந்தது குளிர்ந்த இகுவானாவை. தொலைந்து போனது சூடான இகுவானா. அவர் முன்னதைத் தேடிக்கொண்டிருப்பார், கட்டிலுக்கடியில், செருப்பு அலமாரிக்குள், பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி.

என்னைக் கேட்டால் பிராணியைத் தேடவே கூடாது. அதற்கு வேண்டிய இடத்தைத் தேட வேண்டும். சூடு, உயரம், மறைப்பு. மூன்றும் ஒன்றுசேரும் இடங்கள் ஒரு தெருவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும்.

இதை எனக்கு மறைமுகமாகச் சொல்லிக் கொடுத்தவர் செங்கல்பட்டுப் பக்கத்தில் பாம்பு பிடிக்கும் இருளர் பெரியவர் ஒருவர். இளம் வயதில் அவரோடு வரப்பில் சுற்றியிருக்கிறேன். அவர் பாம்பைத் தேடி நான் பார்த்ததில்லை. எலி வளையைப் பார்ப்பார், வாய்மண் புதிதா பழசா என்று பார்ப்பார், உரித்த சட்டையைப் பார்ப்பார், எச்சத்தைக் கிள்ளிப் பார்ப்பார். "அது எதுக்குத் தம்பி இங்க வரணும்?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டுப் போய், அங்கே பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் அதற்குமுன் பார்த்தே இராத ஊர், பார்த்தே இராத காடு. இருந்தாலும் தடம் தடம்தானே.

நான் போனதும் முதலில் செய்வது, தேடிக்கொண்டிருக்கும் கூட்டத்தைக் கலைப்பது. ஆள் நடமாட்டம் இருக்கும்வரை இகுவானா அசையாது. கிளையோடு கிளையாக மணிக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும். பிறகு, கடைசியாகக் கண்ட இடத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பது. தொலைத்தவர்கள் எல்லோரும் கிடைமட்டமாகத் தேடுகிறார்கள், ஏனென்றால் நாம் கிடைமட்டமாக ஓடுகிறவர்கள். இது மேலே ஓடுகிற ஜாதி. தெருவைத் தாண்டிப் போன இகுவானா மிகக் குறைவு. பெரும்பாலும் அதே வளாகத்து மரத்தில், அல்லது மதில் ஒட்டிய அடுத்த வீட்டு மரத்தில்தான். வேம்பு, பூவரசு, நாட்டு வாதுமை, முருங்கை. முருங்கை இருந்தால் முதலில் அங்கேதான் போய் நிற்பேன். சாப்பாடும் படுக்கையும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது அது வேறெங்கே போகும்?

கையில் ஒரு வெப்பமானி வைத்திருப்பேன், தூரத்திலிருந்து சுட்டினால் சுவரின் சூட்டைக் காட்டும் துப்பாக்கி வகை. கொரோனா காலத்தில் எல்லோர் நெற்றியிலும் காட்டினார்களே, அதற்கு அண்ணன் முறை. காலை ஏழரைக்கு எந்த மதில் முதலில் சூடாகிறது, மாலை ஆறுக்குப் பிறகும் எது சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று ஒரு சுற்று சுட்டுப் பார்த்துவிடுவேன். மேற்குப் பார்த்த சுவர், கறுப்பு சின்டெக்ஸ் டேங்கின் தலை, ஏசி அவுட்டோர் யூனிட்டின் முதுகு, தகரக் கூரையின் விளிம்பு. சித்திரை வைகாசியில் கணக்கு தலைகீழ். பகல் நாற்பதைத் தொடும்போது இகுவானாவே வெந்துவிடும் என்று அடர்ந்த நிழலுக்குள் இறங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அப்போது காலை ஆறரையிலிருந்து எட்டு வரைதான் வெயில் காய வரும். மத்தியானம் தேடுவது வீண். போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம்.

இனி காகம். இந்தத் தொழிலில் எனக்குச் சம்பளம் வாங்காத கூட்டாளி காகம்தான். நம் காக்கைக்கு ஓணான் தெரியும், பூனை தெரியும், பாம்பு தெரியும். ஐந்தடி நீளத்தில் முதுகில் முள்வரிசையோடு பச்சையாக ஒன்று கிளையில் படுத்திருந்தால் அதற்குப் பொறுக்காது. ஊரைக் கூட்டிவிடும். ஒரே மரத்தின் ஒரே பக்கத்தைப் பார்த்துக் காகங்கள் தலையைத் தாழ்த்திக் கத்தினால் அங்கே போய் நிற்க வேண்டும். அணிலும் அப்படித்தான். வால் துடிக்க ஒரே சுருதியில் விடாமல் கத்தினால் பூனையாக இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம். தவிட்டுக் குருவிகளின் பேச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அவை ஒன்றுமில்லாததற்கும் கூட்டம் போடும்.

தரையில் பார்க்க வேண்டியது எச்சம். நார் நாராகப் பச்சைப்புழுக்கை, அதோடு சுண்ணாம்புக் கட்டியாய் ஒரு வெள்ளைப் பகுதி. மரத்தடிக் காரின் மேல்தான் பெரும்பாலும் கிடைக்கும். கார் துடைக்கும் பையனைக் கேட்டால் போதும். குடியிருப்பு நலச் சங்கத்தின் செயலாளர் ஒரு வாரம் சொல்லாததை அவன் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவான்: "அண்ணே, அந்த வெள்ளைக் கார்ல மட்டும் தெனம் அசிங்கம் பண்ணி வெச்சிருக்கு." இகுவானாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல படுக்கை அமைந்துவிட்டால் இரவுக்கிரவு அதே கிளைக்கு வரும். வெள்ளைக் காருக்கு நேர் மேலே பார்த்தால் போதும்.

இருட்டிய பிறகு டார்ச். பகலில் பச்சை இலைக்குள் பச்சை உடம்பு தெரியவே தெரியாது. இரவில் டார்ச் வெளிச்சத்தில் இலைகள் பின்வாங்கிவிடும், தூங்கும் இகுவானாவின் வெளிறிய அடிவயிறும் கிளையிலிருந்து நேராகத் தொங்கும் வாலும் துலங்கும். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், காதோரம் பிடித்துக்கொள்ள வேண்டும். இடுப்பளவில் பிடித்தால் இலையின் நிழல்தான் தெரியும். பூனைக்கு மின்னுகிற மாதிரி இதன் கண் மின்னாது, பகல் பிராணி. தூங்கும்போது கண்ணை மூடியும் இருக்கும். உருவத்தைத்தான் தேட வேண்டும். அதிலும் கோடு. மரத்தில் இயற்கையாக நேர்க்கோடு கிடையாது. தொங்கும் வால் நேர்க்கோடு.

ஒரு வசதியான வீட்டில், வெப்பத்தைக் காட்டும் கேமரா பொருத்திய டிரோனை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். இரண்டு தெருவின் பூனைகள், கூட்டில் தூங்கும் காகங்கள், மொட்டை மாடியில் திருட்டுத்தனமாக சிகரெட் பிடிக்கும் ஒரு மாப்பிள்ளை என்று எல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. இகுவானா தெரியவில்லை. தெரியாது. அதன் உடம்புச் சூடு அது படுத்திருக்கும் கிளையின் சூடுதான். அந்தக் கேமராவுக்கு அது இன்னொரு கிளை. டிரோன்காரர் போன பிறகு நானும் அந்த வீட்டு ஓட்டுநரும் டார்ச்சோடு சுற்றினோம், வாதுமை மரத்தின் மூன்றாவது அடுக்கில் வால் தொங்கியது.

பிடிப்பது தனி வித்தை. மார்கழி என்றால் சுலபம். சென்னையில் விடியற்காலை இருபது இருபத்தொன்றுக்கு இறங்கும், உடம்பு மந்தமாகியிருக்கும், கையால் எடுத்துக்கொள்ளலாம். 2020 ஜனவரியில் மயாமி வானிலை அலுவலகம், இன்றிரவு மரத்திலிருந்து இகுவானா விழுந்தால் வியக்காதீர்கள் என்று மக்களுக்கு அறிவித்தது. அங்கே குளிர் அவ்வளவு இறங்கிவிடும். செத்தது என்று நினைத்தால் வெயில் வந்ததும் எழுந்து போய்விடும். நமக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. கோடையில் இரவும் இருபத்தெட்டு டிகிரி, தூக்கத்தில் கை பட்டாலும் பாயும் அளவுக்குச் சூடு உடம்பில் இருக்கும். அதனால் விடியலுக்கு முன், ஆழ்ந்து தூங்கும் நேரத்தில், கீழிருந்து மெதுவாகப் போக வேண்டும். மேலிருந்து கையை நீட்டினால் உச்சந்தலைக் கண்ணில் நிழல் விழும்.

வாலைப் பிடிக்கவே கூடாது. ஓணான் குட்டியோடு விளையாடி வளர்ந்த நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் கை முதலில் வாலுக்குத்தான் போகும். இகுவானா வாலை ஒடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும். மறுபடி முளைப்பது கருத்து, குட்டையாக, முள்ளில்லாமல் இருக்கும். ஒரு கை முன்னங்கால்களுக்குப் பின்னால், ஒரு கை இடுப்பில், வாலை அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். உடனே கண்ணைத் துண்டால் மூடிவிட வேண்டும். இருட்டானால் அடங்கிவிடும். இதில் வால் அடியும் நகக் கீறலும் கணக்கில் சேராது.

முருங்கைதான் தலைவலி. இகுவானாவுக்குப் பிடித்த மரம், மனிதன் ஏறக்கூடாத மரம். கிளை சொல்லாமல் முறியும். அங்கே மாங்காய் பறிக்கிற மாதிரி நாலு பேர் கீழே போர்வையை விரித்துப் பிடிக்க, ஒருவர் துரட்டியால் கிளையின் நுனிப் பக்கத்தை மெல்ல அசைத்துக் கீழே வரவைக்க வேண்டியதுதான். காட்டு இகுவானா நாற்பதடி உயரத்திலிருந்து விழுந்து எழுந்து ஓடும். நம் வீட்டு இகுவானாவின் எலும்பை நம்பி அந்தப் பரீட்சை வைக்கக் கூடாது. போர்வை பிடிக்க ஆள் கூப்பிட்டால் தெருவில் எல்லோரும் வேடிக்கை பார்க்க வருவார்கள், போர்வையின் நுனியைப் பிடிக்க ஒருவரும் வரமாட்டார்கள். அதனால் இப்போதெல்லாம் கயிறு கொண்டு போகிறேன். இரண்டு மூலையைக் கட்டிவிடலாம்.

பருந்து, பூனை, தெருநாய், கீரி எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் நான் அதிகம் பயப்படுவது கல்லுக்குத்தான். ஓணானைக் கண்டால் கல்லெடுக்கும் பழக்கம் நம்மிடம் எங்கிருந்தோ ஊறிப்போயிருக்கிறது. பெரிய ஓணான் என்றால் பெரிய கல். சிலர் முதலைக்குட்டி என்பார்கள். சிலர் உடும்பு என்று கறிக்குப் பார்ப்பார்கள். உடும்பு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தொட்டாலே வழக்கு. அதனால் ஒட்டும் நோட்டீஸில் படத்துக்குக் கீழே வித்தியாசத்தை எழுதுவேன். இதற்குக் கன்னத்தில் காதுக்குக் கீழே ரூபாய்க் காசு போல வட்டமாக ஒரு பெரிய செதில் இருக்கும், கழுத்துக்குக் கீழே தோல் தொங்கும், முதுகில் முள் இருக்கும். உடும்பு பிளந்த நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். அப்படி நாக்கு நீட்டினால் அது எங்களுடையது அல்ல, வனத்துறையைக் கூப்பிடுங்கள். "விஷம் கிடையாது" என்று பெரிய எழுத்தில் போடுவேன். "கடிக்காது" என்று சொந்தக்காரர்கள் சேர்க்கச் சொல்வார்கள். பொய் எழுத மாட்டேன். சன்மானத் தொகையும் எழுத விடமாட்டேன். தொகை எழுதினால் அன்று மாலையே பையன்கள் கவணோடும் கொசுவலையோடும் வந்துவிடுவார்கள். பிடிக்க வேண்டாம், எங்கே பார்த்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், அதற்குத்தான் காசு.

இதில் இன்னொரு சிக்கல், நோட்டீஸ் ஒட்டவே சிலர் தயங்குவார்கள். காகிதம் இருக்காது. 2020-ல் மத்திய அரசு, வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் தாமாக அறிவித்தால் ஆவணம் கேட்க மாட்டோம் என்று ஆறு மாத அவகாசம் கொடுத்தது. 2022-ல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2024-ல் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வதற்கான விதிகள் வந்தன. இகுவானா, உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய ஒப்பந்தப் (CITES) பட்டியலில் உள்ளது என்பதால் இதெல்லாம் அதற்கும் பொருந்தும். பதியாதவர் வனத்துறைக்குச் சொல்லப் பயந்து, போலீசுக்குச் சொல்லப் பயந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லவும் பயந்து இரண்டு நல்ல காலை வெயிலை வீணாக்கிவிட்டு என்னைக் கூப்பிடுவார். பதிவு செய்யச் சொல்லி நான் நச்சரிப்பது சட்டப் பற்றால் மட்டும் அல்ல. வாய்விட்டுக் கத்தித் தேட முடிந்தவருக்குத்தான் கிடைக்கும்.

பெண் இகுவானா என்றால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பேன். சில நாளாகச் சாப்பிடாமல் மூலையைப் பிறாண்டியதா? ஆணைக் கண்ணிலே காணாத பெண்ணும் முட்டை வைக்கும். கரு இருக்காது, ஆனால் தோண்டி இடவேண்டும் என்ற தவிப்பு முழுதாக இருக்கும். அது மரத்துக்குப் போகாது. மண்ணைத் தேடும். திருவான்மியூர்ப் பக்கம் அப்படி ஒன்று தொலைந்தபோது மரங்களை எல்லாம் விட்டுவிட்டு, வீடு கட்டும் இடங்களைத்தான் போய்ப் பார்த்தோம். இரண்டாவது மனையில் கொட்டி வைத்திருந்த மணலில் ஒரு பக்கம் குடைந்திருந்தது. மேஸ்திரி, "பெருச்சாளி நோண்டியிருக்கும் சார்" என்றார். பெருச்சாளி வளை வட்டமாக இருக்கும். இது கிடைவாக்கில் அகலமாக, உள்ளே சாய்ந்து போனது. வாசலில் வால் இழுபட்ட தடம். மணலைக் கையால் விலக்க விலக்க உள்ளேயிருந்து சீறியது. அவ்வளவு கோபத்தை நான் வேறெந்த இகுவானாவிடமும் கண்டதில்லை. இட்டு முடிக்கட்டும் என்று மேஸ்திரியைக் கெஞ்சி, ஒரு நாள் மணல் அள்ளாமல் நிறுத்தி வைத்தோம். பாதி முட்டையோடு தூக்கியிருந்தால் மீதி உள்ளே தங்கி, ஆபரேஷன் வரை போயிருக்கும்.

மற்றப் பல்லிகளில், தாடி டிராகன் தொலைந்தால் தரையும் மதிலும்தான், உயரமாகப் போகாது. சிறுத்தைப் பல்லி என்று விற்பார்களே, அது இரவுப் பிராணி. பூந்தொட்டிக்கு அடியிலும் செங்கல் இடுக்கிலும் இரவு ஒன்பதுக்கு மேல் பார்க்க வேண்டும், கண் மின்னும். தோட்டத்தில் விழுந்துவிட்டால் கிடைப்பது கடினம் என்று முன்பே சொல்லிவிடுவேன்.

கிடைத்ததும் சொந்தக்காரர்கள் செய்யத் துடிப்பது ஊட்டுவது. பப்பாளி, செம்பருத்தி, கீரை என்று தட்டோடு நிற்பார்கள். குளிர்ந்த வயிற்றில் தழை செரிக்காது, அழுகும். முதலில் சூடு, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு நனைய நிற்கவைத்தல், பிறகுதான் சாப்பாடு. பூனைப் பல் பட்டிருந்தால் ஊசிமுனைக் காயம் என்று விடக் கூடாது, அன்றே டாக்டர். வெளியே அரளியைத் தின்றிருக்கலாம், பூச்சிமருந்து அடித்த செடியைத் தின்றிருக்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கிடைக்காமல் போனவையும் உண்டு. அவற்றின் சொந்தக்காரர்கள் ஆறுதலுக்காக, "எங்கயோ மரத்துல சந்தோஷமா இருக்கும் இல்ல சார்?" என்பார்கள். இருக்கலாம். சென்னை வெயில் அதற்கு ஒத்துக்கொள்ளும், அதுதான் கவலை. ஃபுளோரிடாவில் இன்று கால்வாய்க் கரையெல்லாம் குடைந்து கிடக்கும் இகுவானாக்களும் யாரோ வளர்த்துத் தப்பவிட்டவற்றின் வம்சம்தான். சலித்துப்போய் வேண்டுமென்றே அடையாற்றங்கரையில் விடலாமா என்று கேட்பவர்களிடம் நான் மரியாதையாகப் பேசுவதில்லை.

போன மழைக்காலத்துக்கு முன் தொலைந்த ஒன்று, எல்லோரும் கைவிட்ட பிறகு, மூன்று வீடு தள்ளி ஒரு மாமியின் முருங்கையில் இருப்பதாகத் தகவல் வந்தது. போனோம். கொழுகொழுவென்று இருந்தது. சொந்தக்காரர் கண் கலங்கிவிட்டார். மாமி கலங்கவில்லை. சமையலறைக் கழிவுக்கீரையை மதில்மேல் தினமும் வைத்திருக்கிறார், அதுவும் வேளை தவறாமல் இறங்கி வந்து தின்றிருக்கிறது. நோட்டீஸைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பார்த்தேனே. படத்துல இருக்கிறது நோஞ்சான். இது அது இல்லேன்னு நினைச்சேன்" என்றார். சொந்தக்காரர் துண்டில் சுற்றி எடுக்கும்போது மாமி கேட்டைப் பாதி மறித்துக்கொண்டு நின்றார். "எங்கே வெச்சுக்கறேள்?"

"ஹால்ல மாமி. பெரிய கண்ணாடிக் கூண்டு."

"வெயில் வருமோ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மாடியில் கம்பிவலை போட்டு, பாதிக்குக் கூரை வைத்து, ஒரு மரக்கிளையும் நட்டுத் தருவதாக மாமியிடம் ஒப்புக்கொண்ட பிறகுதான் கேட் திறந்தது. அடுத்த வாரம் மாமியே மாடியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். தாழ்ப்பாள் சரியில்லை, வேறு போடச் சொல்லியிருக்கிறார்.